20 எழுத்து, ஒரு சிரிப்பு: ஸ்லைம் பிறந்த கதை

இந்த எபிசோட் ஒரு நீலச் சொட்டைப் பத்தி. கூரான தலை, ரெண்டு உருண்டைக் கண்ணு, காது வரைக்கும் சிரிப்பு. காதே கிடையாது, அது வேற விஷயம். டிராகன் குவெஸ்ட் ஆடாதவங்ககூட இந்த ஸ்லைமை ஏதாவது ஒரு பொம்மையிலோ ஸ்டிக்கரிலோ பார்த்திருப்பீங்க.

அதுக்கு முன்னாடி என் கதை கொஞ்சம். காலேஜ் மூணாவது வருஷம், நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு ஃபேன்டஸி கேம் பண்ணினோம். நான் கோட். ஒருத்தன் நோட்டுல அரக்கர்களை வரைவான், பிரமாதமா இருக்கும். என் ரூம்மேட் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து 32-க்கு 32 பிக்சல் கட்டத்துக்குள்ள உட்கார வைப்பான். பத்துத் தலை பூதம் ஒண்ணு இருந்தது. நோட்டுல மிரட்டும். முதல் தடவை திரையில் போட்டப்போ, சாம்பார் கொட்டின கறை மாதிரி இருந்தது. எட்டு தலையை எடுத்துட்டு, மூணு ராத்திரி உட்கார்ந்து அதை மறுபடியும் பூதமா ஆக்கினது என் ரூம்மேட்தான்.

சரி, ஜப்பானுக்குப் போவோம். 1986 மே 27. எனிக்ஸ் நிறுவனம் ஃபேமிகாம் கருவிக்காக முதல் டிராகன் குவெஸ்டை வெளியிட்டது. கதையும் வடிவமைப்பும் யூஜி ஹோரி. புரோகிராமிங் கோயிச்சி நகமுரா. அரக்கர்களை வரைந்தவர் அகிரா தோரியாமா. அப்போது டிராகன் பால் தொடர் வந்துகொண்டிருந்த ஷோனென் ஜம்ப் வார இதழில்தான் ஹோரியும் எழுதிக்கொண்டிருந்தார்.

மொத்த கேமும் 64 கிலோபைட். உலகம், இசை, சண்டை, வசனம் எல்லாம் சேர்த்து. உங்க சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்புற குட் மார்னிங் படம்கூட இதைவிடப் பெரிசு.

இந்த இடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஜப்பானிய மொழியில் வெளிநாட்டுச் சொற்களை எழுத கதாகனா என்று தனி எழுத்து வரிசை இருக்கிறது. அடிப்படை எழுத்துகள் மட்டும் 46. கேமில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு குட்டிப் படம், அதுக்கு மெமரியில் இடம் வேணும். அதனால் கதாகனாவில் 20 எழுத்துகளைத்தான் வைத்துக்கொண்டார்கள். அரக்கன் பெயர், மந்திரத்தின் பெயர் எல்லாம் அந்த இருபதுக்குள்ளேயே வரணும். ஸ்லைம் வரும். கோலெம் வரும். டிராகன் வரும், நல்லவேளை. ஸாம்பி வராது, ஏன்னா அதுக்கு வேண்டிய முதல் எழுத்தே அந்த இருபதில் இல்லை. எலும்புக்கூட்டை 'கைகொட்ஸு' என்ற நாட்டுச் சொல்லாக, ஹிரகானா என்ற இன்னொரு வரிசையில் எழுதினார்கள். யோசிச்சுப் பாருங்க, 'ச'வும் 'ப'வும் இல்லாம உங்க கேமுக்குப் பேய்ப் பெயர் வைக்கச் சொன்னா என்ன செய்வீங்க?

ஸ்லைமுக்கு வருவோம். ஹோரி 1981-இல் வந்த விசார்ட்ரி என்ற அமெரிக்க கேமின் பெரிய ரசிகர். அதிலேயே ஸ்லைம் உண்டு. அந்தக் காலத்து ஸ்லைம்னா சளி மாதிரி, உருவமே இல்லாத ஒரு கொழகொழ வஸ்து. ஹோரி தோரியாமாவுக்குக் கொடுத்த கிறுக்கல் படமும் அப்படித்தான், உருகி வழிந்த சேற்றுக் குவியல். தோரியாமாவிடமிருந்து திரும்பி வந்தது, சிரிக்கிற ஒரு சொட்டு.

இது அழகுக்காக மட்டும் எடுத்த முடிவு என்று நான் நினைக்கலை. முதல் டிராகன் குவெஸ்ட் சண்டையில் எதிரி கை கால் அசைக்காது. ஒரே ஒரு படம், நேராக நம்மைப் பார்த்து நிற்கும். சேற்றுக் குவியலை அந்தச் சின்னக் கட்டங்களில் போட்டால் என்ன ஆகும்னு எங்க பத்துத் தலை பூதத்தைக் கேளுங்க. சொட்டுக்கு ஒரு தெளிவான ஓரம் இருக்கு, ஒரு முகம் இருக்கு. கேமில் முதலில் சந்திக்கிற, இருக்கிறதிலேயே பலவீனமான எதிரி அது. கொன்றால் 1 அனுபவப் புள்ளி. ரோல்-ப்ளேயிங் கேம்னா என்னன்னே தெரியாத பிள்ளைகள் பயப்படாமல் 'தாக்கு' பட்டனை அழுத்தணும் இல்லையா?

அதே படத்தின் வண்ணத்தை மட்டும் மாற்றினால் சிவப்பு ஸ்லைம். இன்னொரு தடவை மாற்றினால் சாம்பல் நிறத்தில் மெட்டல் ஸ்லைம். அடித்தால் அடி படாது, சட்டென்று ஓடிவிடும், தப்பித் தவறிக் கொன்றால் அனுபவப் புள்ளி கொட்டும். ஒரு புது பிக்சல்கூட வரையாமல், அதே சிரிப்பைக் கேலிச் சிரிப்பாக மாற்றிவிட்டார்கள். ஒரு இன்ஜினியரா எனக்கு அங்கே கைதட்டத் தோணும்.

2024 மார்ச் 1-ஆம் தேதி தோரியாமா இறந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் ஸ்லைம் படம் போட்டார்கள். நியாயம்தான். ஆனா கேம் முடிந்ததும் வரும் பெயர்ப் பட்டியலைப் பாருங்க. கேரக்டர் டிசைன் என்று தோரியாமா. அதுக்குத் தனியாக, சிஜி டிசைன் என்று இன்னொரு வரி: தகாஷி யசுனோ. தாளில் இருந்ததைத் திரைக்குக் கொண்டுவந்த வேலைக்குத் தனிப் பெயர். பல கேம்களில் உழைத்தவர்கள் புனைபெயரில் ஒளிந்திருந்த காலம் அது.

எங்க கேமின் பட்டியலில் ரெண்டு பெயர். கோட் என்று நான், ஆர்ட் என்று வரைந்தவன். ரூம்மேட் பெயர் கடைசியில் 'நன்றி'ங்கிற வரியில், கேன்டீன் அண்ணா பெயருக்குப் பக்கத்தில். அந்த ஃபைலை டைப் பண்ணினது நான்தான். அவன் அப்போ ஒண்ணுமே சொல்லலை, நானும் கவனிக்கலை.

இந்த எபிசோடுக்காகப் படிச்சிட்டிருந்தப்போ பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்தேன். ஒரு வரிதான், 'பிக்சல் ஆர்ட்'னு போட்டு அவன் பெயரைச் சேர்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கு அனுப்பினேன், கூடவே ஒரு சாரியும். ரெண்டு நாள் பதில் இல்லை. மூணாவது நாள் வந்தது: "டேய், பூதத்தோட இடது தோள் ஒரு பிக்சல் தள்ளி இருக்கு. அந்தப் பழைய ஃபைல் இருந்தா அனுப்பு."

அனுப்பியிருக்கேன்.