எதிர்ப்பொருள் சான்றும் கொள்ளைநோய் வரலாறும்: திருவண்ணாமலையை முன்வைத்து

முன்னுரை

கொள்ளைநோயின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருத்துவமனைப் பதிவேடுகளையே நாடுகின்றனர். பரிசோதனைக்கு வந்தோரை மட்டுமே அவை காட்டும். கொரோனாத் தொற்று குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இலேசாகவே வந்து சென்றதால், அவர்களுள் பலர் அப்பதிவேடுகளில் இடம்பெறவில்லை. அவர்தம் குருதியிலுள்ள எதிர்ப்பொருளே அவ்விடைவெளியை நிரப்பும் சான்றாகும்.

பழைய கொரோனாக்கள்

2019க்கு முன்பே 229ஈ, ஓசி43, என்எல்63, எச்கேயு1 என்னும் நான்கு கொரோனா வைரசுகள் மனிதரிடையே சளிக்காய்ச்சலை உண்டாக்கி வந்தன. இவற்றுள் என்எல்63, நெதர்லாந்தில் ஏழு மாதக் குழந்தை ஒன்றிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2004இல் அறிவிக்கப்பட்டது. இவ்வைரசுகளுக்குரிய எதிர்ப்பொருள்கள் பெரும்பாலான குழந்தைகளிடம் பள்ளிப்பருவத்திற்குள்ளேயே தோன்றிவிடுகின்றன. ஆகவே, புதிய வைரசுக்கான சோதனை இப்பழைய தடயங்களைப் புதியதெனப் பிழைபடக் காட்டாதிருத்தல் இன்றியமையாததாயிற்று.

திருவண்ணாமலையும் நாடளாவிய ஆய்வும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே மாதம் தொடங்கிய எதிர்ப்பொருள் ஆய்வுக்கு 70 மாவட்டங்களைத் தெரிவுசெய்தது. தமிழகத்திலிருந்து சென்னை, கோயம்புத்தூர், திருவண்ணாமலை ஆகியன இடம்பெற்றன. முதற்சுற்றில் வயதுவந்தோர் மட்டுமே சேர்க்கப்பட்டனர்; இரண்டாம் சுற்றில் 10 வயதும், 2021 சூன், சூலையில் நிகழ்ந்த நான்காம் சுற்றில் 6 வயதும் கீழெல்லையாயின.

கிரிவலமும் தீபத்திருவிழாவும் பெருங்கூட்டத்தை ஈர்க்கும் இவ்வூரில், 2020 கார்த்திகைத் தீபம் வெளியூர் அடியார்களின்றியே ஏற்றப்பட்டது. தமிழகத் தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 வரை திறக்கப்படவில்லை. இவ்வாறு கூட்டங்கள் தடுக்கப்பட்டிருந்தும், நாடளாவிய நிலையில் 10 முதல் 17 வயதினரிடம் மூன்றாம் சுற்றில் 25.3 விழுக்காடாக இருந்த எதிர்ப்பொருள், நான்காம் சுற்றில் 61.6 ஆக உயர்ந்தது. 6 முதல் 9 வயதினரிடம் அது 57.2 விழுக்காடு.

சான்றின் மதிப்பும் எல்லையும்

சிறார்க்கான தடுப்பூசி 2022 சனவரி 3 அன்றுதான் 15 வயது நிரம்பியோர்க்குத் தொடங்கியது. எனவே 2021இல் சிறாரிடம் காணப்பட்ட எதிர்ப்பொருள் தடுப்பூசியால் விளைந்ததன்று; தொற்றின் சுவடேயாகும். தடுப்பூசி பெறத் தொடங்கிவிட்ட பெரியோரின் குருதி இத்தகைய தெளிவைத் தராது. எனினும், இவை நாட்டின் சராசரிகள். திருவண்ணாமலைச் சிறாரின் நிலையென இவற்றைக் கொள்ளுதல் பிழையாகும். ஆறு வயதுக்குட்பட்டோர் இவ்வாய்வில் இடம்பெறவில்லை. நாளடைவில் எதிர்ப்பொருள் குறைவதால், பழைய தொற்றுகள் சில விடுபட்டிருக்கவும் கூடும்.

முடிவுரை

பள்ளிக்குச் செல்லாத சிறாரையும் தொற்று எட்டியது என்பதை மருத்துவமனைப் பதிவேடுகள் முழுமையாகக் கூறவில்லை. குருதிச் சான்றே கூறிற்று. பள்ளிகளை மூடியதன் பயனை மதிப்பிடும் வருங்கால வரலாற்றாசிரியர், இவ்விரு சான்றுகளையும் ஒப்புநோக்கியே முடிவுக்கு வருதல் வேண்டும்.