நினைவக எல்லையும் சுற்றுவழியும்

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளத்தை நோக்கிச் செல்லும் கரையோர வாய்க்காலை ஒல்லாந்தர் காலத்து வேலையென இக்கரை மக்கள் அறிவர். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். சிறு வள்ளங்கள் ஓடா. கடலை அடக்கும் ஆற்றல் எவர்க்கும் இன்மையால், களப்புக்களையும் ஆற்று முகங்களையும் இணைத்து நிலத்தினுள்ளே ஒரு வழி வெட்டப்பட்டது. எல்லையை நீக்க இயலாதவிடத்து அதனைச் சுற்றிச் செல்வது மனித இயல்பு. கணினியின் வரலாற்றிலும் அவ்வியல்பு தெளிவாகப் புலப்படுகின்றது. எனினும் சுற்றுவழிகள் யாவும் ஒரே தன்மையின அல்ல. அவற்றுள் எது பயன் தந்தது, எது பின்னோர்க்குக் கடனை வைத்துச் சென்றது என்பது சீர்தூக்கி அறியற்பாலது.

1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணினியின் செயலிக்கு 20 முகவரிக் கம்பிகளே இருந்தன. ஆகவே அது எண்ணக்கூடிய நினைவகம் 10,48,576 பைற்றுக்கள் மாத்திரமே. அதனுள்ளும் 384 கிலோபைற்று திரை முதலிய உறுப்புக்களுக்கென ஒதுக்கப்பட்டமையால், பணிசெயல் முறைமைக்கும் அதன்மேல் ஓடும் நிரல்களுக்கும் எஞ்சியது 640 கிலோபைற்று. தொடக்கத்தில் அது தாராளமாகத் தோன்றியது. கணக்குத் தாள்கள் பெருகியபோதோ அது போதாதாயிற்று.

1985 இல் லோட்டஸ், இன்ரெல், மைக்ரோசொப்ற் ஆகிய மூன்று நிறுவனங்களும் உடன்பட்டு ஒரு முறையை வகுத்தன. ஒதுக்கப்பட்ட பகுதியினுள் 64 கிலோபைற்று அளவான ஒரு சாளரம் அமைக்கப்பட்டது. புறத்தே பொருத்திய பெரிய நினைவகத்திலிருந்து 16 கிலோபைற்றுப் பக்கங்கள் வேண்டியபோது அச்சாளரத்தினுள் மாறி மாறிக் கொண்டுவரப்பட்டன. சிறிய மேசையொன்றிற் பெரிய நூலை ஏடு ஏடாக வைத்துப் படித்தல் போன்றது இது.

1982 இல் வந்த 80286 என்னும் செயலியில் வேறொரு வியப்பு வெளிப்பட்டது. பழைய முறையில் முகவரியைக் கூட்டும்பொழுது விடை ஒரு மெகாபைற்றை 65,520 பைற்றுக்கள் அளவிற் கடந்துவிடலாம். பழைய செயலியில் மீண்டும் பூச்சியத்திற்கே திரும்பிய அம்முகவரிகள், புதியதில் மெய்யான இடங்களைச் சுட்டின. இவ்விடுக்கை முதலில் நிரலாளர் பயன்படுத்தினர். 1991 இல் வெளிவந்த எம்.எஸ்.டொஸ் ஐந்தாம் பதிப்போ தன் பெரும்பகுதியையே அங்கே குடியேற்றிக்கொண்டது. ஒற்றையடிப்பாதை அரச பாதையானமைக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

32 பிற்றுச் செயலிகள் பரவியபின் எல்லை 4 கிகாபைற்றாக உயர்ந்தது. 1995 இல் வந்த பென்ரியம் புரோ செயலி முகவரியை 36 பிற்றுக்களாக விரித்து, 64 கிகாபைற்று வரை எண்ண வல்லதாயிற்று. அவ்வாறிருந்தும் வின்டோஸ் எக்ஸ்.பி. போன்ற சாதாரண பதிப்புக்கள் 4 கிகாபைற்றுக்கு அப்பாலுள்ள நினைவகத்தைப் பயன்படுத்தவில்லை. சேவையகப் பதிப்புக்கள் சில பயன்படுத்தின. சாதன இயக்கிகள் பல, முகவரி 32 பிற்றுக்குள் அடங்கும் என்ற எண்ணத்துடன் எழுதப்பட்டிருந்தமையே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். தனிப்பட்டோர் சிலர் முறைமையின் கருநிரலைத் திருத்தி அத்தடையை அகற்றினர். காசு கொடுத்து வாங்கிய நினைவகம் வீணாகாமை அதன் நன்மை. தவறான இயக்கி ஒன்று பிறிதோர் இடத்தில் எழுதிவிடக்கூடும். பாதுகாப்புத் திருத்தம் வருந்தோறும் மாற்றிய கோப்பு அழிந்துபடும். உரிம ஒப்பந்தமும் மீறப்படும். இவை அதன் தீமைகள்.

இனித் தமிழுக்கு நேர்ந்ததை நோக்குவோர்க்கு இவ்வாராய்ச்சியின் பயன் புலனாகும். பழைய முறைமைகள் ஓர் எழுத்துக்கு ஒரு பைற்றையே ஒதுக்கின. ஒரு பைற்றில் 256 இடங்களே உண்டு. அவற்றின் முற்பாதி ஆங்கிலத்துக்கு உரியதாயிற்று. தமிழெழுத்துக்களோ 247, அவற்றுடன் கிரந்த எழுத்துக்களும் உள. அரசோ பெருநிறுவனமோ வழிகாட்டும் வரை காத்திராது, தமிழர் பலர் தாமே எழுத்துருக்களை ஆக்கினர். ஈழத்தில் மிகப் பரவிய பாமினி, தட்டச்சுப் பொறியின் விசை ஒழுங்கையொட்டி, உரோம எழுத்துக்களின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. 'தமிழ்' என்னும் சொல் அங்கே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோம எழுத்துக்களாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே கணினியிற் பதிவாகும். கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது கணினிக்குப் பொருளற்ற உரோமக் கோவையாகும்.

இவ்வழி இல்லாதிருந்தால் அக்காலக் கணினியில் தமிழ் ஏறியிராது. கோயில் விழா அழைப்பும், பள்ளி மலரும், பத்திரிகையும் அதனாலேயே விரைந்து அச்சேறின. இந்நன்றி மறக்கற்பாலதன்று. ஆயினும் நினைவகச் சுற்றுவழிக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. முன்னையது கணினி ஓடும்பொழுது மாத்திரம் நிலவுவது. மின்னை நிறுத்தினால் அதன் சுவடும் மறையும். அதனாற் செய்த கணக்கு எக்கணினியிலும் அதே கணக்காகவே இருக்கும். வாய்க்கால் வழியே வந்த கொப்பராவும் உப்பும் ஏற்றியவாறே இறங்கியதை ஒப்பது அது. பின்னதோ வழியை மாத்திரமன்றிச் சரக்கையே மாற்றிவிட்டது. எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வாவணம் படிக்கலாகாது. அகரவரிசைப்படுத்தலும் சொற்றேடலும் செவ்வனே நிகழா. ஆங்கிலமும் தமிழும் கலந்த பக்கத்தில், எழுத்துருக் குறிப்பு இழக்கப்படின், எது எம்மொழி என இயந்திரம் பிரித்தறியாது.

இக்குறையை உணர்ந்தோர் 1990களின் பிற்பகுதியில் மின்னஞ்சல் வழியாகக் கலந்துரையாடித் 'திஸ்கி' என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். அஃது ஆங்கிலத்தை முற்பாதியிலும் தமிழைப் பிற்பாதியிலும் வைத்தது. அதன் அட்டவணையும் யாவரும் காண வெளியிடப்பட்டது. 1999 இற் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு 'தாப்', 'தாம்' என்னும் இரண்டை ஏற்றது. ஒருங்குறியிலோ 1991 ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. எனினும் வின்டோஸ் 2000 வரும்வரை மைக்ரோசொப்ற் முறைமைகள் அதனைத் தாமாகக் காட்ட வல்லன அல்ல. ஆகவே பழைய கணினி வைத்திருந்தோர் பாமினியைக் கைவிடாமை அறியாமையாலன்று. வேறு வழி இன்மையாலாகும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ்க் குறியேற்ற நியமத்தை 2008 இல் வெளியிட்டது.

புத்தளக் கரைக்கு இது தொலைவான செய்தியன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முசுலிம் மக்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். அவர்தம் இழப்பும், முகாம் வாழ்வும், உடப்பு முதல் கற்பிட்டி வரையுள்ள ஊர்களின் கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடச் செய்திகளும் அப்பதினைந்து ஆண்டுகளிற் கணினியிற் பொறிக்கப்பட்டிருப்பின், அவை இத்தகைய எழுத்துருக்களிலேயே உறங்குவனவாகும். ஏட்டுச் சுவடியைச் செல் அரித்தால் ஓட்டையாவது கண்ணுக்குத் தெரியும். இக்கோப்புக்களோ முழுமையாக இருந்தும் வாசிக்கப்படாமற் போகும்; குப்பையென எண்ணி எறியப்படவுங்கூடும்.

ஆகவே சுற்றுவழியை மதிப்பிடுதற்கு அது சட்டப்படியானதா என்னும் வினா மாத்திரம் போதாது. எல்லை நீங்கியபின் திரும்பிவர அதில் வழி உண்டா, அதன் அட்டவணை எழுதிவைக்கப்பட்டுள்ளதா என்னும் வினாக்களே முதன்மையானவை. திஸ்கி இவ்விரண்டிலும் தேறியது. ஆளுக்கொரு ஒழுங்கில் எழுந்து, விளக்கமின்றி மறைந்த எழுத்துருக்கள் தேறவில்லை. பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. பழைய வட்டுக்கள் துருப்பிடிக்குமுன் அவற்றை எடுத்து மாற்றி, எந்த எழுத்துருவில் எழுந்தது என்னும் குறிப்புடன் பேணிவைத்தல் மாணவர் கையாலும் ஆகக்கூடிய பணியே. மழைக்காலக் கடலுக்கு அஞ்சி வாய்க்கால் வெட்டியதிற் குற்றமில்லை. அதன் வழியே வந்த சரக்கை இறக்காது விடுதலே குற்றமாகும்.