காஞ்சிபுரத்தில் உணவும் ஈறு நலமும்

ஈறு என்பது பல்லின் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் மென்திசு. அதற்கு வலுத் தருவது கொலாஜன் என்னும் புரத இழை. காஞ்சிபுரம் நெய்யும் பட்டும் புரத இழைதான். ஆனால் நெய்து முடித்த சேலை அப்படியே இருக்கும். ஈறும், பல்லை எலும்போடு பிணைக்கும் நார்களுமோ ஓயாமல் பிரிந்து மீண்டும் நெய்யப்படுகின்றன. உடலின் வேறு பல இடங்களைவிட இங்கே இந்த வேலை வேகமாக நடப்பதால், சாப்பாட்டில் உள்ள குறை வாயில் சீக்கிரம் தெரிந்துவிடும்.

கொலாஜனின் மூன்று சரங்கள் சேர்ந்து முறுக்கேற வைட்டமின் சி வேண்டும். அது நெடுநாள் கிடைக்காவிட்டால் ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், இதுவே ஸ்கர்வி. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் கப்பல் மாலுமிகளை இந்நோயிலிருந்து தேற்றினார். இன்று ஸ்கர்வி அரிது. ஒரு பெரிய நெல்லிக்காயோ கொய்யாவோ ஒரு நாள் தேவைக்குப் போதும்.

ஊரின் பெயர் தாங்கிய காஞ்சிபுரம் இட்லி வரதராஜப் பெருமாள் கோவில் பிரசாதம். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில், மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து அவிப்பது. இதில் சர்க்கரை இல்லை; ஈறுக்கு இதனால் கேடில்லை. ஆனால் வைட்டமின் சியும் இல்லை என்பதால் காயும் பழமும் தனியாக வேண்டும். உண்மையான தொல்லை, நாளெல்லாம் இடையிடையே குடிக்கும் சர்க்கரை போட்ட டீயும் அதோடு கடிக்கும் பிஸ்கட்டும். சுவிட்சர்லாந்தில் 10 பேர் 4 வாரம் வெள்ளைச் சர்க்கரை இல்லாத கற்கால உணவு உண்டு, பிரஷ்ஷும் பேஸ்ட்டும் இல்லாமல் வாழ்ந்தனர். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி பல்லில் படிவு கூடியது. ஈறில் இரத்தக் கசிவோ குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பல் துலக்குவது மட்டுமே ஈறைக் காப்பதில்லை என்பதை அது சுட்டுகிறது.

இவ்வூர்ப் பட்டு நெசவாளர் வாயில் வேறொரு பொருளும் உண்டு. பட்டுப் பாவின் முன்னால் பீடி பற்றவைக்க முடியாது. குழித்தறியில் இரு கையும் வேலையில் இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது எளிது. அடக்கும் பக்கத்துக் கன்னத்தை விரலால் இழுத்துக் கண்ணாடியில் பார்த்தால், அந்த இடத்தில் மட்டும் ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் மஞ்சளாகத் தெரியும். தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஈறில் கசியும் இரத்தமோ வெற்றிலைச் சிவப்பில் கலந்து கண்ணில் படாது. புகையிலை சேராத வெறும் பாக்கையே 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவுக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. அவர் 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்தார். ஊரை ஒட்டிய காரைப்பேட்டையில் அவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது.

சர்க்கரை நோயும் ஈறைப் பாதிக்கும். 2023இல் வெளியான தேசிய ஆய்வு தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாகக் கணித்தது. கட்டுப்படாத சர்க்கரை ஈறு அழற்சியை வளர்க்கும். ஈறு அழற்சி சர்க்கரையை மேலும் ஏற்றும். உணவு எவ்வளவு சீரானாலும், பழம் சாப்பிடுவதால் மட்டும் பல்லில் இறுகிப்போன காரை போகாது. அதைப் பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.