பள்ளிச் செவிலியர் பயிற்சியின் தோற்றம்: நியூயார்க், 1902–1917

முன்னுரை
பள்ளிக் குழந்தைகளின் நலம் பேணுவோருக்குத் தனிப்பயிற்சி தேவைப்பட்டதன் காரணத்தை நியூயார்க் நகரின் தொடக்கக்கால அனுபவத்தின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

விலக்கலும் விளைவும்
1897இல் அந்நகரப் பள்ளிகளில் மருத்துவ ஆய்வு தொடங்கியது. தொற்றும் கண்நோய், படர்தாமரை, சிரங்கு முதலியன உடைய குழந்தைகளை மருத்துவர்கள் கண்டறிந்து வீட்டுக்கு அனுப்பினர். சிகிச்சைக்கு வழியற்ற ஏழைக் குடும்பங்களில் நோய் நீடித்தது, கல்வியும் தடைப்பட்டது.

செவிலியரின் பணி
லிலியன் வால்டு நிறுவிய ஹென்றி தெரு இல்லத்தின் செவிலியர் லினா ரோஜர்ஸ், 1902 அக்டோபரில் நான்கு பள்ளிகளில் ஒரு மாதச் சோதனைப் பணியை ஏற்றார். சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார். வீடுகளுக்குச் சென்று தாய்மாருக்குப் பராமரிப்பைக் கற்பித்தார். சோதனை பயன்தரவே மேலும் செவிலியர் நியமிக்கப்பெற்றனர். 1902 செப்டம்பரில் 10,567ஆக இருந்த விலக்கல்கள் 1903 செப்டம்பரில் 1,101ஆகக் குறைந்தன. இதனை நோய் ஒழிந்ததற்கான சான்றாகக் கொள்ளலாகாது. முன்னர் வெளியேற்றப்பட்டோர் பள்ளியிலிருந்தவாறே சிகிச்சை பெற்றதையே இது காட்டுகிறது.

களத்திலிருந்து பாடம்
மருத்துவமனைப் பயிற்சி நோயாளியின் படுக்கையை மையமாகக் கொண்டது. வகுப்பறையையும் வீட்டையும் இணைக்கும் திறனைச் செவிலியர் களத்திலேயே ஈட்டினர். பள்ளிச் செவிலியர் பணி குறித்து 1917இல் ரோஜர்ஸ் வெளியிட்ட நூல் அவ்வறிவைப் பாடமாக்கியது.

முடிவுரை
நோயைக் கண்டறிதலோடு பள்ளி நலப்பணி முடிவதில்லை. குழந்தையை வகுப்பறைக்கு மீட்டுவரும் தொடர்பணிக்கே தனிப்பயிற்சி தேவைப்பட்டது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.