மலை ஏறி வந்த கல்யாணச் சாமான்கள்

அகத்தியர் கல்யாணத்துக்குப் போகாதவர். கைலாயத்தில் சிவனுக்கும் பார்வதிக்கும் திருமணம். உலகமே வடக்கே திரண்டதில் பூமி சாய்ந்துவிட, அதைச் சமன் செய்யக் குறுமுனியைத் தெற்கே அனுப்பினார்கள் என்பது கதை. அவர் வந்து தங்கிய மலையின் அடியில்தான் எங்கள் போனக்காடு தேயிலை எஸ்டேட் இருக்கிறது. 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு ஏறுகிறவர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குவார்கள். கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போனவருக்குச் சிவன் பிற்பாடு மணக்கோலம் காட்டினாராம். அது நடந்த இடம் மலைக்கு அந்தப்புறம், பாபநாசம். அங்கே கருவறையில் லிங்கத்துக்குப் பின்னால் அம்மையப்பர் மணக்கோலத்தில் இருக்கிறார்கள்; மேலே கல்யாண தீர்த்தம் விழுகிறது; சித்திரை விசுவுக்குத் திருவிழா. இந்தப்புறம் எங்களுக்கு வாய்த்தது மழையும் அட்டையும். கல்யாணம் என்றால் குத்துவிளக்குத் திரியிலிருந்து எல்லாமே கீழேயிருந்து ஏறி வரவேண்டும்.

அப்படி ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. போனக்காட்டில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். அப்பா வழி நாங்குநேரிப் பக்கம், அம்மா வழி விளவங்கோடு. மலைக்குக் கீழே விதுரையில் தையல் கடை வைத்துக் கல்யாண ஜம்பர், அதாவது ரவிக்கை, தைக்கிறேன். மணமேடை அலங்காரமும் கேக்கும் பேசி முடித்துக் கொடுக்கிறேன். இதைப் புதுத்தொழில் என்று என் மருமகள் நினைக்கிறாள். எஸ்டேட்டில் இது எப்போதும் இருந்த வேலை. கூலி மட்டும்தான் இல்லாமல் இருந்தது.

முதலில் பந்தல். எஸ்டேட் ஓடிய காலத்தில் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமைதான், அன்றுதான் மஸ்டர் என்கிற வேலைக்கணக்கு கிடையாது. சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஆண்கள் ஈற்றை வெட்டப் போவார்கள். தேயிலை விளைகிற உயரத்தில் தென்னை சரியாக வராது, ஆகவே குருத்தோலை தலைச்சுமையாக வரும். அது போதாத இடத்தில் ஈந்து ஓலை, கூந்தல்பனை ஓலை. கூந்தல்பனையின் ஓலை கருகருவென்று பச்சையாக, நுனி கடித்தது மாதிரி இருக்கும். அதை வரிசையாகத் தொங்கவிட்டால் லயத்தின் கரிபிடித்த சுவர் மறைந்துவிடும். மறைக்க வேண்டியது அதுதான். வாசலில் குலைவாழை இரண்டு, நடுவே கமுகம்பாளை விரித்துக் கட்டியது.

குருத்தோலை மடிக்கிறவர் எங்கள் லயத்தில் ஒரு கங்காணித் தாத்தா. கிளி, மணி, தாமரை, பாம்புப்படம் எல்லாம் அவர் விரலில் இருந்தன. நாங்கள் குழந்தைகள் கிளியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் மண்டையில் ஒரு குட்டு விழும். மங்கலத் தோரணத்தில் பறவையின் தலை மேலே பார்க்கவேண்டும், சாவு வீட்டுத் தோரணத்தில்தான் கீழே. இந்த இலக்கணம் நெல்லைச் சீமையிலிருந்து மலை ஏறி வந்தது. பாம்புப்படம் இங்கே மலையாளத்துக்காரர்களைப் பார்த்துக் கற்றது. அவர் பந்தலில் இரண்டும் ஒரே கயிற்றில் ஆடின. எதை எங்கிருந்து எடுத்தோம் என்று அவர் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பூவுக்குத் தோவாளை. நாகர்கோவிலுக்கு முன்னால் கணவாய்க் காற்றடிக்கும் அந்த ஊரின் பூச்சந்தை விடிவதற்குள் கூடிக் கலைந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை தோவாளையும் எங்கள் மலையும் ஒரே திருவிதாங்கூர் மண். எல்லைக்கோடு போட்ட பிறகும் பூவுக்கு அது தெரியாது. பிச்சியும் அரளியும் பஸ் ஏறி வந்துகொண்டுதான் இருந்தன. அந்த ஊர்க் கைவேலையில் உச்சம் மாணிக்கமாலை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்துப் பாய் முடைவதுபோல் தட்டையாகக் கட்டுவார்கள். தள்ளி நின்று பார்த்தால் கல் பதித்த நகைபோலத் தெரியும். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் லயத்துக் கல்யாணங்களில் நான் அதைப் பார்த்ததில்லை, கட்டுப்படியாகாது. இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள், வாங்கிக் கொடுக்கிறேன்.

இனி உடுப்பு. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கல்யாணப்பெண் ஜம்பர் அளவு கொடுக்க வரும்போது எல்லாருக்கும் முதுகைப் பற்றித்தான் கவலை. கழுத்து எவ்வளவு இறக்கம், கயிறு வேண்டுமா, வலைத்துணி வேண்டுமா. நான் நாடாவை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். என் அம்மா வழி ஊரில் இதே துணிக்காக அடிதடியும் வீடெரிப்பும் நடந்திருக்கின்றன. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்றிருந்த காலம். கர்னல் மன்றோ பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தபோது, கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் போடலாம் என்று அனுமதி வந்தது. குப்பாயம் என்றால் சுரியானிக் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களும் போட்ட மாதிரி உடம்போடு தைத்த மேலுடுப்பு. தோளில் சீலையை வீசிப் போடுவது மேல்சாதிக்கு உரியது, அது கூடாது. பெண்கள் குப்பாயத்தையும் போட்டு அதன்மேல் சீலையையும் போட்டார்கள். 1820களில் சந்தைகளில் துணி கிழிக்கப்பட்டது, பள்ளிக்கூடங்கள் எரிந்தன. 1829இல் மேற்சீலை கூடாது என்று திரும்பவும் உத்தரவு. 1858இல் மறுபடி கலவரம் மூண்டது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா விளம்பரம் வெளியிட்டார்: நாடார் பெண்கள் ஜாக்கெட் அணியலாம், முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத்துணியை மேலே சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் கூடாது. விட்டுக்கொடுக்கும்போதும் ஒரு முழம் பிடித்துவைத்துக்கொண்ட உத்தரவு அது.

ஆண்களுக்கும் இதே கதைதான். தலைப்பாகை கட்டும் உரிமை இல்லாதவர்களைப் பார்த்துத் தலைப்பாகை கட்டி வந்து வணங்குங்கள் என்றார் சாமித்தோப்பு வைகுண்ட சாமி. அவர் 1851இல் மறைந்தார். இன்றும் அவர் வழி வந்த அய்யாவழிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை தலைப்பாகையோடுதான் உட்காருகிறார். வாடகைக்குக் கிடைக்கும் ஜோத்பூர் தலைப்பாகையை ஒரு மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் கேட்டபோது, உங்கள் பாட்டன் கட்டிய வெள்ளைத்துணி போதாதா என்று சொல்லிவிட்டேன். ஆர்டர் போய்விட்டது.

ஜம்பரின் கைமுனையில் வைக்கிற லேஸுக்கும் இந்த மண்ணில் வயது அதிகம். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காசைச் சேர்த்து எசமானிடமிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். விக்டோரியா ராணி வெள்ளை சாட்டினில் லேஸ் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டது 1840இல். அதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கக் கல்யாணப்பெண்ணுக்கு வெள்ளை என்று ஆனதாகச் சொல்வார்கள். ஆனால் அதற்கு முன்பே நாகர்கோவில் திண்ணைகளில் தலையணையில் ஊசி குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னிய பெண்கள் அதை உடுத்தியிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

எங்கள் லயத்தில் சி.எஸ்.ஐ.காரர்களும் லத்தீன் கத்தோலிக்கர்களும் வெள்ளை நைலக்ஸ் சேலையும் தலையில் நெட்டும். இந்துக் குடும்பங்களில் சிவப்போ அரக்கோ, பெரும்பாலும் பட்டு மாதிரி மினுங்கும் ஆர்ட் சில்க். திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் வாங்குவார்கள். ஒரு நெட்டு பல தலைகள் ஏறும். என் அம்மாவின் நெட்டு லயத்தில் அத்தனை பெண்களுக்கும் போய், கடைசியில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத் தொப்பிக்குக் கரையானது. கசவுச் சேலை அப்போது எங்களுக்கு அந்நியம், மலையாளத்துக்காரர்கள் உடுப்பது என்று ஒதுக்கினோம். பாலராமபுரம் தெருவுக்கு முதல்முறை போனபோதுதான் தறியில் இருந்தவர்கள் வீட்டில் தமிழ் பேசுவதைக் கேட்டேன். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப்பகுதியிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த சாலியர்கள். கேரளச்சேலை என்று உலகம் பார்ப்பதை நெய்தது நம் ஆட்கள் என்று அன்றைக்கு எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை. இப்போதெல்லாம் அந்தப் பெருமையைப் பேசாமல் விலை பேசுகிறேன்.

கேக்கு தோட்டத்திலிருந்து வந்த பண்டம். கேரளத்தின் முதல் கிறிஸ்துமஸ் கேக்குக் கதையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். பர்மாவில் பிஸ்கட் சுடக் கற்ற மம்பள்ளி பாப்பு 1880இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் பாக்டரி தொடங்கினார். 1883இல் அஞ்சரக்கண்டி லவங்கப்பட்டைத் தோட்டத்து மர்டாக் பிரவுன் துரை ஒரு சீமைக் கேக்கைக் கொண்டுவந்து காட்டி, இதுமாதிரி செய் என்றார். மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கச் சொன்னாராம். பாப்பு முந்திரிப்பழமும் கதலியும் ஊறிய உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார். துரைக்குப் பிடித்துப்போய் இன்னும் ஒரு டஜனுக்குச் சொன்னார். அந்தக் குடும்பத்து வாரிசுகள் ஊர் ஊராகப் போய் பேக்கரி வைத்தார்கள், திருவனந்தபுரத்து சாந்தா பேக்கரி அவர்களுடையதுதான்.

எங்கள் மலையிலும் கேக்கு முதலில் துரை பங்களாவின் குசினியில்தான் இருந்திருக்கும். லயத்துக்குள் அது வந்தது தேவாலயக் கல்யாணத்தோடு, நெடுமங்காட்டு பேக்கரியிலிருந்து. விக்டோரியாவின் கல்யாணக் கேக்கு முந்நூறு பவுண்டு. எங்களுடையது இரண்டு கிலோ. அதிலும் மேல் தட்டு மட்டும் கேக்கு, கீழ்த்தட்டுகள் அட்டைப்பெட்டியில் ஐசிங் பூசியவை. வெட்டுவதற்கு ஒரு துண்டு, மிச்சம் கண்ணுக்கு. அட்டையை வெட்டிவிடாமல் கத்தியை எங்கே வைக்கவேண்டும் என்று மாப்பிள்ளையின் காதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பல கல்யாணங்களில் அந்த ஆள் நான்.

தூக்கிவருவதுதான் பாடு. வளைவுக்கு வளைவு கேக்கின் தூண்கள் சாயும். இன்னொரு சங்கதி மூடுபனி. முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் அடித்துப் பூசும் ராயல் ஐசிங், உலர்ந்த காற்றில் ஓடுபோல் இறுகும். எங்கள் ஈரக்காற்றில் சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு கசியும். காலையில் ரோஜாவாக இருந்தது பகலில் வழிந்து நிற்கும். பட்டர்கிரீமுக்கு நேர்மாறு, நெடுமங்காட்டு வெயிலில் உருகுவது மேலே வந்தால் நன்றாக நிற்கும். ஆகவே போனக்காட்டுக்கு பட்டர்கிரீம், கீழே இருப்பவர்களுக்கு ஐசிங் என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். 2020 கொரோனாவில் கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று கட்டுப்படுத்தியபோது வீட்டிலிருந்த பெண்கள் கேக்குச் செய்யத் தொடங்கினார்கள். விதுரையில் எனக்கு இப்போது செய்துதருவது அப்படித் தொடங்கிய ஒரு பெண். பேக்கரிக்காரர்களைவிடக் கை சுத்தம்.

நடுவில் பிளாஸ்டிக் பூவும் தெர்மோகோலும் ஒரு ஆட்டம் ஆடின. ஊரில் குருத்தோலைக்காரர்கள் கைகட்டி உட்கார்ந்த காலம் அது. 2016 டிசம்பரில் ஹரித கேரளம் மிஷன் வந்தது, பஞ்சாயத்துக்காரர்கள் கல்யாண வீட்டில் வந்து பச்சை நெறிமுறை பேசினார்கள். 2020 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. மண்டபங்களில் குருத்தோலை திரும்பி வந்தது, விலை கூடி வந்தது. கங்காணித் தாத்தாவின் கிளி இப்போது ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. அவர் இருந்தால் சிரித்திருப்பார், பிறகு வாங்கியும் இருப்பார்.

எஸ்டேட் வேலை நின்று வருடங்கள் ஆகிவிட்டன. ஆலையின் கூரை பிரிந்து கிடக்கிறது. 1951இல் கட்டிய மேனேஜர் பங்களாவில் பேய் இருக்கிறதென்று பட்டணத்துப் பிள்ளைகள் எழுதி எழுதியே அதைப் பிரபலமாக்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் படம் பிடிக்க அங்கே கூட்டிப்போகச் சொல்லி வருகிறார்கள். வனத்துறை வழிமறிக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். லயத்தில் பிறந்த எங்களுக்கு அந்த பங்களாவில் பயந்தது துரையை மட்டும்தான்.

போன மாதம் வந்த ஒரு பெண்ணின் ஆர்டரை மட்டும் மறுக்கவில்லை. அவள் பாட்டி இங்கே கொழுந்து கிள்ளியவர். மாலையில் தேயிலைப்பூ வேண்டும் என்றாள். கிள்ளிக்கொண்டே இருக்கிற செடி அவ்வளவாகப் பூக்காது, பூக்கவிட்டால் கொழுந்து குறையும். கவாத்து நின்ற பிறகு செடியெல்லாம் மரமாகிவிட்டது, வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூத்துத் தள்ளுகிறது. சிக்கல், தொட்டால் இதழ் உதிரும். மொட்டாகப் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, பிச்சிக்கு நடுவே காம்போடு கட்டிப் பார்த்தோம். முகூர்த்தம் முடிகிற வரை நிற்கிறது. விலை என்ன என்று கேட்டாள். பூவுக்கு ஒன்றுமில்லை, பறிக்கிற அக்காமார்களுக்கு எஸ்டேட்டில் கொடுத்ததைவிடக் கூடுதலாக நாள்கூலி கொடுக்கவேண்டும் என்றேன். சரி என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.