ஜகன்மோகினியின் முதலாளி அம்மாள்

திருவல்லிக்கேணிப் பெண்கள் – 9

வை.மு.கோதைநாயகி அம்மாளைப் பற்றிப் பேசுகிறவர்கள், 115 நாவல்கள் எழுதியவர் என்று தொடங்குவார்கள். அடுத்து, கதர் உடுத்திச் சிறை சென்றவர் என்பார்கள். மேடையில் பாடியவர், பேசியவர் என்பதும் தவறாமல் வரும். ஒரு மாத இதழைச் சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் சொந்தப் பொறுப்பில் நடத்திய முதலாளி என்ற செய்தி மட்டும் கடைசியில் அரை வரியாக ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த அரை வரிதான் பெரிதாகப் படுகிறது. நாவல் எழுதப் பேனாவும் பொழுதும் போதும். மாதம் தவறாமல் பத்திரிகை கொண்டுவரக் காகிதக் கடைக்காரர், அச்சுக்கோப்பவர், தபால் நிலையம், சந்தாதாரர் என்று எத்தனையோ பேரிடம் பேச்சைக் காப்பாற்றியாக வேண்டும்.

1901 டிசம்பர் 1-ல் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். ஐந்தரை வயதில் கல்யாணம், மாப்பிள்ளை வை.மு.பார்த்தசாரதிக்கும் பள்ளிக்கூடம் போகிற வயதுதான். பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. திருவாய்மொழி போன்றவற்றைப் பெரியவர்கள் சொல்லச் சொல்லக் காதால் கேட்டே கற்றார். கதை சொல்வதில் மட்டும் அப்போதே தனித் திறமை. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

இங்கே பார்த்தசாரதியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. மனைவியை நாடகம் பார்க்க அழைத்துப் போனவர் அவர். பார்த்துவிட்டு வந்த மனைவிக்கு, இதுபோல் நாமும் எழுதலாமே என்று தோன்றியபோது, அந்த ஆசையை அடக்கச் சொல்லாமல் வளர்த்தவரும் அவர்தான். அன்றைய திருவல்லிக்கேணி வைணவக் குடும்பம் ஒன்றில் இது சாதாரணமாக நடக்கிற காரியம் அல்ல. குடும்பப் பெண்கள் நாவல் படித்தாலே கெட்டுப்போவார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். எழுதினால் என்ன சொல்லியிருப்பார்கள்!

கோதைநாயகிக்கு அப்போது எழுத்துச் சரளமாக வராது. வாயால் சொல்லிக்கொண்டே போக, தோழி பட்டம்மாள் உட்கார்ந்து எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் ‘இந்திர மோகனா’ நாடகம். 1924-ல் அது அச்சேறியது. தாமே எழுதக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு. முதல் நாவல் ‘வைதேகி’. துப்பறியும் கதைகளால் அன்று பெரும் பெயர் பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஆதரவு அந்தத் தொடக்கத்தில் கிடைத்தது.

1925-ல் அடுத்த அடி. நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழை அவர் விலைக்கு வாங்கினார். அந்தத் துணிச்சலை இன்றைக்கு இருந்துகொண்டு அளவிடுவது கடினம். ஒரு முறை படுத்துவிட்ட பத்திரிகை என்றால் சந்தா அனுப்பவே வாசகர் யோசிப்பார். அப்படிப்பட்ட பெயரை, இருபத்து நான்கு வயதுகூட நிரம்பாத ஒரு குடும்பப் பெண், நான் நடத்துகிறேன் என்று எடுத்துக்கொண்டார். ‘வைதேகி’யை அதில் தொடராகப் போட்டார். சந்தா ஏறியது.

அவர் கண்ட வழி எளியது, கெட்டியானது. கதை முதலில் இதழில் தொடராக வரும். பிறகு அதுவே புத்தகமாகும். எழுதுகிறவரும் வெளியிடுகிறவரும் ஒருவரே என்பதால் கதைக்குப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் கதாநாயகி என்ன ஆவாள் என்ற கவலைதான் சந்தாவைப் புதுப்பிக்க வைக்கிறது. பின்னாளில் வாரப் பத்திரிகைகள் தொடர்கதையை நம்பி லட்சக்கணக்கில் விற்றன. அதே நம்பிக்கையை மூலதனமாக வைத்து 1920களிலேயே கடை விரித்தவர் கோதைநாயகி. அவருடைய நாவல்களின் இலக்கியத் தரத்தைப் பற்றி விமர்சகர்கள் அன்றும் குறை சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். 115 நாவல்களையும் ஒரே தராசில் வைத்து நானும் பேசவரவில்லை. ஆனால் வீட்டுக் கூடத்தைத் தாண்டாத பெண்கள் மாதா மாதம் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருக்கும்படி செய்தார் ஒருவர் என்றால், அது தமிழ் வாசிப்பின் வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம். குழந்தை மணம், விதவை மறுமணம், வரதட்சிணை என்று அந்தப் பெண்கள் வாய்விட்டுப் பேச முடியாதவற்றைக் கதைக்குள் வைத்து அவர்கள் கைக்கே அனுப்பிவைத்தார்.

பிற்பாடு சொந்த அச்சகமும் வந்தது. அந்தக் கால அச்சகம் என்றால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, புரூஃப் எடுத்து, திருத்தி, ஃபாரம் ஃபாரமாக அச்சடித்து, மடித்துத் தைக்கிற வேலை. தமிழுக்கு எழுத்துப் பெட்டி ஆங்கிலத்தைவிட மிகப் பெரியது. கோப்பவரின் கையும் கண்ணும் ஓயாது. அதன்பிறகு மேல்விலாசம் எழுத வேண்டும், தபால்தலை ஒட்ட வேண்டும், வாங்கும்போது பணம் கட்டுகிற வி.பி.பி. தபாலில் போனது திரும்பி வந்தால் நஷ்டத்தை ஏற்க வேண்டும். ஆசிரியர் எழுதித் தராவிட்டால் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கூலி கொடுத்தாக வேண்டும். கோதைநாயகி விஷயத்தில் ஆசிரியரும் முதலாளியும் ஒரே ஆள். அவர் அவ்வளவு எழுதிக் குவித்ததற்குக் கற்பனை வளம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அச்சு இயந்திரத்துக்கு வேலை வைக்க வேண்டிய பொறுப்பும் அவரை எழுத வைத்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் மகன் ஸ்ரீனிவாசனை வளர்த்தார். காந்தியைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் கலந்துகொண்டு 1930களின் தொடக்கத்தில் சிறை சென்றார். ஒரு பத்திரிகை முதலாளி, இதழ் வர வேண்டிய மாதங்களில் தாமே விரும்பிச் சிறைக்குப் போகிறார்! வியாபாரக் கணக்குப்படி பார்த்தால் யாரும் செய்யத் துணியாத காரியம். அவரால் செய்ய முடிந்ததற்கு வெளியே ஒருவர் இருந்தார்: பார்த்தசாரதி. மனைவி சிறையில் இருந்த நாட்களில் இதழைத் தாங்கியவர் கணவர்தான். ஆத்துக்காரர் சிறைக்குப் போனால் கடையை மனைவி பார்த்துக்கொண்ட வீடுகள் அன்று பல உண்டு. இந்த வீட்டில் அது தலைகீழாக நடந்தது. சிறை அனுபவத்தைத் தனியாகவே எழுத வேண்டும். அடுத்த வாரம் வருகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது காகிதம் கட்டுப்பாட்டுக்குள் வந்து, பத்திரிகை உலகமே திணறியது. பக்கங்களைக் குறைத்தவர்கள் உண்டு, மூடிவிட்டுப் போனவர்கள் உண்டு. ஜகன்மோகினி அதையும் கடந்து வந்தது. சுதந்திரம் வந்தது, காந்தி மறைந்தார். அவர் பெயரால் திருவல்லிக்கேணியில் பெண்களுக்காக மகாத்மாஜி சேவா சங்கத்தைத் தொடங்கினார் கோதைநாயகி. வினோபாவின் பூதான இயக்கத்துக்கு நிலம் கொடுத்தார். அச்சகத்திலும் எழுத்திலும் சம்பாதித்தது இப்படியும் போயிற்று.

அவரை உடைத்தது வியாபாரம் அல்ல. 1956-ல் ஒரே மகன் ஸ்ரீனிவாசன் இறந்துபோனார். சிறையும் யுத்தமும் அசைக்காத அம்மாளை அந்தச் சாவு அசைத்துவிட்டது. உடல் நலிந்தது. காசநோய் பிடித்தது. நாவலில் எத்தனையோ தாய்மார்களின் துயரத்தை எழுதியவருக்குத் தம் துயரத்தைத் தாங்க வலு இல்லாமல் போயிற்று. 1960 பிப்ரவரி 20-ல் தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் காலமானார். ஜகன்மோகினியும் அவரோடு முடிந்தது.  முதலாளி, ஆசிரியர், எழுத்தாளர் மூவரும் ஒரே நாளில் போய்விட்டார்கள்.

அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1966-ல், கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் இயக்கிய ‘சித்தி’ திரைக்கு வந்தது. தம்பியின் படிப்புக்காக வயதான ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவர் பிள்ளைகளுக்குச் சித்தியாகிற பெண்ணாகப் பத்மினி நடித்தார். கோதைநாயகியின் ‘தயாநிதி’ நாவல்தான் அந்தப் படம். கொட்டகைக்குப் போய் அழுதுவிட்டு வந்த பெண்களில், பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு ஜகன்மோகினிக்குச் சந்தா கட்டியவர்களும் இருந்திருப்பார்கள்.

(தொடரும்)