கல்லூரி வானொலி: ஆர்வலர்கள் தொடங்கிய மைக் யார் யார் கைக்குப் போனது?

கைபேசி ஒன்று இருந்தால் போதும், இன்றைக்கு யாரும் பாட்காஸ்ட் தொடங்கிடலாம். ஆனா எஃப்.எம்.மில் பேசணும்னா அனுமதி வேணும். மலாயாவில் வானொலியைத் தொடங்கியது அரசாங்கம் இல்லை, பொழுதுபோக்காக அதில் இறங்கிய ஆர்வலர்கள்தான். அந்த மைக் அவங்க கையை விட்டு எப்படிப் போனது? கல்லூரி வளாகங்கள் வழியாக எப்படித் திரும்பி வந்தது?

யார் தொடங்கினாங்க?

1921-இல் ஏ.எல். பிர்ச் என்ற மின்பொறியாளர் ஜொகூருக்கு ஒரு வானொலிப் பெட்டியைக் கொண்டு வந்தார். அதையொட்டி ஜொகூரில் ஆர்வலர் சங்கம் உருவானது. பிறகு பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இதேபோன்ற சங்கங்கள் வந்தன.

பினாங்கு வானொலிச் சங்கம் 1934-இல் இசட்.எச்.ஜே. என்ற நிலையத்தைத் தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் அது ஒலிபரப்பியது. தமிழ் ஏன்? அப்போ கெடா தோட்டங்களுக்குப் பினாங்குதான் வாசல். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த தொழிலாளர்கள் அங்கே இறங்கித்தான் பால்மரக் காடுகளுக்குப் போனாங்க.

மைக் எப்படிக் கைமாறியது?

1937 மார்ச்சில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையம் திறக்கப்பட்டது. 1940-இல் அதை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1941 டிசம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் பினாங்கை அவசரமாகக் கைவிட்டபோது, வானொலி நிலையத்தை அழிக்காமலே போயிட்டாங்க. சில நாளிலேயே ஜப்பானியர்கள் அதில் பேச ஆரம்பிச்சாங்க.

போருக்குப் பிறகு, 1946 ஏப்ரல் 1-இல் ஒலிபரப்புத் துறை உருவானது. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில், தோட்டங்களிலும் கம்பங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. லயத்து மக்களுக்குத் தமிழ் நிகழ்ச்சி கேட்டது. ஆனா என்ன பேசணும் என்று முடிவு செய்த இடம் தோட்டத்துக்கு வெகுதூரம்.

கல்லூரிக்கு எப்படி வந்தது?

தமிழில் இதற்கு நல்ல உதாரணம் சென்னையில் இருக்கு. வானலைகள் பொதுச்சொத்து என்று இந்திய உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2002-இல் கல்வி நிறுவனங்கள் சமூக வானொலி நடத்தலாம் என்று இந்திய அரசாங்கம் அறிவித்தது. 2004 பிப்ரவரி 1-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலித்தது. இந்தியாவின் முதல் வளாக சமூக வானொலி அதுதான். சில கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் கேட்கும். ஆனா மாணவர்களோடு அக்கம்பக்கத்துக் குடியிருப்புப் பெண்களும் மைக் பிடிச்சாங்க. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாரிக்கப்படணும் என்பது விதி.

கெடாவில் என்ன நிலைமை?

சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்துக்கு யூ.யூ.எம். எஃப்.எம். என்ற வளாக வானொலி இருக்கு. பெடோங் பக்கம் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்கள் நிறைய படிக்கிறாங்க.

மலேசியாவில் வானொலியை ஒழுங்குபடுத்துவது 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம். எஃப்.எம்.மில் ஒலிபரப்ப உரிமமும் அலைவரிசை ஒதுக்கீடும் வேணும். இணையத்தில் அலைவரிசை தேவையில்லை. ஆனா உள்ளடக்கத்துக்கு அதே சட்டம் பொருந்தும்.

இது ஏன் முக்கியம்?

கெடாவில் பல பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிட்டன. அங்கே வாழ்ந்தவங்க சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களுக்குப் போயிட்டாங்க. பாட்டி எந்த டிவிஷனில் பால் வெட்டினாங்க, திருவிழாவுக்கு யார் உறுமி அடிச்சாங்க என்பதெல்லாம் பெரும்பாலும் எழுத்தில் இல்லை, ஆட்களின் நினைவில்தான் இருக்கு. நாடு முழுக்கப் பேசும் வானொலிக்கு ஒரு தோட்டத்தின் கதைக்கு ஒதுக்க நேரம் குறைவு. பத்துக் கிலோமீட்டருக்கு மட்டும் பேசும் நிலையத்துக்கு அதுதான் முதல் வேலை. உரிமம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பேசுகிறவரிடம் சம்மதம் கேளுங்க, தோட்டத்தின் பெயரையும் தேதியையும் குறிச்சு வையுங்க, பதிவை இப்பவே தொடங்கலாம்.